ஒரு எட்டு

இந்த நகரத்தின் நடு மையத்தில்
காப்பி கிடைக்கும் பதினோரு இடத்தில்.
பீர் அதைவிடக் கூடுதலாய்.
பச்சை குத்திக்கொள்ளலாம்,
நாய்க்கு முடி வெட்டலாம்,
செத்தபின் வரும் பணத்துக்கு
இன்றைக்கே கையெழுத்துப் போடலாம்.
வெங்காயம் மட்டும் கிடைக்காது.

வெங்காயத்துக்கு எட்டாம் எண் பேருந்து.
நாற்பது நிமிடம், பாலத்தைத் தாண்டி.
ஏரிக்காற்று எலும்பை எண்ணிப் பார்க்கும் நிறுத்தத்தில்
இன்னொரு இருபது.

கைகள் இரண்டு. அதுதான் கணக்கு.
பால் இடக்கையில் என்றால் மாவு வலக்கையில்.
எண்ணெய் வாங்கும் வாரம் உருளைக்கிழங்கு கிடையாது.
தர்பூசணி கார் உள்ளவர்களின் பழம் என்று
பஃபலோவுக்கு வந்த முதல் கோடையில் தெரிந்துகொண்டேன்.

பெட்ரோல் பங்க்கில் வாழைப்பழம் உண்டு,
ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில்,
யாரோ தொலைத்துவிட்டுப்போன பொருள்போல.
மருந்துக்கடையில் முட்டை உண்டு,
மூட்டுவலி மாத்திரைக்கும் வாழ்த்து அட்டைக்கும் நடுவே.
ரொசாலியா டூடெக் தன் பிறந்தநாள் கேக்குக்கு
இருமுகிறவர்களின் வரிசையில் நின்றுதான்
சர்க்கரை வாங்கினாள்.

எங்களுடையது ஆறாம் மாடி.
முன்பு தொப்பி செய்த கட்டடம்.
ரொசாலியா, நான், எதிர்வீட்டு நோ பாமூ,
மூன்று கதவுக்கும் ஒரு முட்டைக்கோஸ்.
பேருந்தில் போகிறவள் சுமப்பாள்.
வெட்டுவது நோ பாமூ.
தராசு தேவைப்பட்டதில்லை அவள் கத்திக்கு.
நடுத்தண்டை மட்டும் யாருக்கும் தரமாட்டாள்.
அது வெட்டுக்கூலி.

கீழே, தெருமுனைக் கண்ணாடியில்,
"விரைவில்" என்று ஒரு தாள்.
நான்கு பனிக்காலம்.
முதலில் சிவப்பாய் இருந்தது,
பிறகு ஆரஞ்சு, பிறகு
சொன்ன சொல்லுக்கு வெட்கப்படுகிற ஒரு நிறம்.
அதற்குள் எங்களைச் சுற்றி ஐந்து கட்டடங்கள் எழுந்துவிட்டன.
பால்கனிதோறும் சைக்கிள்.
ஹோட்டல் சலவை முடித்து நள்ளிரவில் திரும்பும்போது
உயரத்தில் எரியும் சமையலறை விளக்குகளைப் பார்த்து
இவர்களெல்லாம் எதைத்தான் தின்கிறார்கள் என்று நினைப்பேன்.
அவர்கள் வாசலில் அட்டைப்பெட்டிகள்
நனைந்துகொண்டிருக்கும்.

மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை, திறந்துவிட்டார்கள்.

கதவு தானாக விலகியது.
கீரைகள்மேல் பொய்மழை தூறிக்கொண்டிருந்தது.
ரொசாலியா அதில் கையை நீட்டிக்கொண்டு
வெகுநேரம் நின்றாள்.
நான் ஒரு வெங்காயம் எடுத்தேன்.
ஒன்றே ஒன்று.
இது மட்டுமா, என்றான் பணம் வாங்கும் பையன்.
இது மட்டும்தானப்பா.
எழுபத்தொரு சென்ட். பை வேண்டாம்.
கோட்டுக்குள் போட்டுக்கொண்டு
கைகள் இரண்டையும் வீசி வீசி நடந்தேன்,
யாரோ பணக்காரிபோல.

அதே வாரம் கடிதமும் வந்தது.
நடக்கும் தூரத்தில் மளிகைக்கடை வந்துவிட்டதால்
மாதம் நூற்றுநாற்பது டாலர் கூடுகிறதாம்.
நோ பாமூ இரண்டுமுறை படித்தாள்.
முட்டைக்கோஸ் வெட்டுகிற முகத்தோடு
சரிசமமாய் மூன்றாக மடித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
கடையில் இப்போது முட்டைக்கோஸைக்
கால் கால் பாகமாய் வெட்டியே வைத்திருக்கிறார்கள்,
தண்டோடு. கோணல் மாணலாய்.

இன்று இரவு சூப் கொதிக்கிறபோதுதான்
உப்பு தீர்ந்தது தெரிந்தது.
எதையும் மறக்க வசதியில்லாமல்
நான்கு வருடம் இருந்தவள் நான்.
பேருந்துச் சீட்டின் பின்புறமெல்லாம் பட்டியல்கள்.
மறந்துவிட்டேன்! சிரிப்புக்கூட வந்தது.
அடுப்பைத் தணித்துவிட்டு,
வீட்டுச் செருப்போடு, லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு,
எதிர்க்கதவைத் தட்டினேன்.
ஏதாவது வேண்டுமா,
கடைக்கு ஒரு எட்டு போய் வருகிறேன், உப்புக்கு.

உள்ளே ஒட்டுநாடா கிழிபடும் சத்தம்.
நின்றது.
பெட்டிகளை நகர்த்திக்கொண்டு யாரோ வருவதுபோல.

"உப்பா?
என்னிடம் இருக்கிறதே" என்றது குரல்.

எனக்குப் பின்னால் லிஃப்ட் வந்தது,
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் பார்த்தது,
போய்விட்டது.