தாகம்

கியும்ரி ஆஸ்பத்திரியில்
செவ்வாய், வியாழன், சனி
என் ரத்தம் என்னைவிட்டு வெளியே போய்
கழுவிக்கொண்டு திரும்பி வரும்.

பக்கத்துக் கட்டிலில் செரோப்.
லாரி ஓட்டியவன்.
கடவுளையும் ஊசி குத்துகிறவளையும்
ஒரே வசவில் முடித்துவிடுவான்.

நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர் எங்களுக்கு,
மாத்திரைக்கும் அதிலேதான்.
ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி:
ஊரெல்லாம் தண்ணீர், உறைந்து,
எங்களையே பார்த்தபடி.

"உன் ஆள் என்ன செய்கிறார்?" என்றான்,
என் கழுத்துச் சிலுவையைக் காட்டி.

தயாராக வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை.
நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கிடந்தது.
"தாகமாயிருக்கிறார்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.
எனக்கே அது புதிதாய்க் கேட்டது.
முப்பது வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான்,
அவர் உதடு வெடித்திருந்ததை
இந்தக் கட்டிலிலிருந்துதான் பார்க்கிறேன்.

டம்ளரில் இரண்டே பனிக்கட்டி.
ஒன்றை நீட்டினேன்.
"உன் கணக்கு குறையுமே" என்றான்,
ஆனாலும் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான்.
கரையும்வரை இயந்திரம் மட்டும் பேசியது.

கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டான்:
"அவருக்கு யாராவது கொடுத்தார்களா, குடிக்க?"

சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.