கால் சுற்று

ஒரு ஹார்ன் மட்டும் ஒலித்தால்
வண்டி யாரையோ வைவது மாதிரி இருக்கும்.
இரண்டும் சேர்ந்து ஒலித்தால்தான்
'கொஞ்சம் நகருங்களேன்' என்று கேட்கும்.
பென்சிகரின் லேண்ட்மாஸ்டர்
வாங்கிய நாளிலிருந்து வைதுகொண்டே இருந்தது.

ஜீவனஹள்ளியில்
ரயில் பாதைக்கு முதுகு காட்டிய சந்து.
ஞாயிறு, பதினொரு மணி.
கிரில்லைக் கழற்றி, பல்செட் மாதிரி,
கன்னடப் பேப்பர் மேல் வைத்தோம்.
நான் லிஃப்ட் சர்வீஸ்காரி.
மாட்டிக்கொண்டவர்கள் அழுத்தும் மணி எனக்குத் தெரியும்;
வழி கேட்கும் ஊதலைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

மேல் சுருதி நன்றாகத்தான் இருந்தது.
கீழ் சுருதியின் வாய்,
நத்தை போல் சுருண்ட குழாய்,
விரலை விட்டால் மண்.
குளவிக் கூடு.
நெம்ப நெம்ப அறை அறையாக உதிர்ந்தது.
ஒவ்வொன்றிலும் சாகாமல் அசையாமல்
மடித்துவைத்த சிலந்திகள்,
பிறக்காத பிள்ளைக்குக் கட்டிய டிபன்.
கடைசி அறை இன்னும் ஈரம்.
பென்சிகர் அந்தப் பக்கம் திரும்பி
எதற்கோ டயரை உதைத்துப் பார்த்தார்.

பிறகு மூடியின் ஆறு திருகுகள்.
உள்ளே பாயின்ட் கருகி,
எர்த் வயரில் பச்சைக் களிம்பேறி,
கார்க் வாஷர் கையோடு பொடியானது.
அவருடைய பாத்ரூம் செருப்பில் வட்டமாக ஒன்று வெட்டினேன்.
இடது காலுடையது.

இனிமேல் அடித்துப் பார்த்துத்தான் திருக வேண்டும்.
மேல்வீட்டில் மிருதுபாஷிணியின் குழந்தை,
பத்தொன்பது நாள்.
முதல் 'பீ'ப்புக்கே ஜன்னல் திறந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பார்வைக்கு ஃப்யூஸ் போயிருக்கும்.

ஆனால் ரயிலுக்கு அந்தக் குழந்தை விழிப்பதில்லை,
வயிற்றில் இருந்தே கேட்ட சத்தம்.

எனவே ரயிலுக்குக் காத்திருந்தோம்.
பெங்களூர் ஈஸ்ட் பக்கமிருந்து தண்டவாளம் சிணுங்கினால்
பென்சிகர் ஸ்டியரிங் நடுவில் உள்ளங்கையை வைப்பார்.
பெட்டிகள் தடதடக்கும் அந்த ஒன்றரை நிமிஷம்தான்
எங்கள் ஒர்க் ஷாப்.
ஹார்ன் அடிக்கிறது. கேட்கவில்லை.
காது இல்லாவிட்டால் என்ன, பல் இருக்கிறது.
பெரிய ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியைக் கடித்து
நுனியை ஹார்னின் முதுகில் ஊன்றினேன்.
தாடை வழியே ஏறியது,
தொண்டை கட்டிய ஒரு குரல்.
சின்னதால் கால் சுற்று வலம். ஊமை.
கால் சுற்று இடம். இருமல்.
இன்னும் ஒரு துளி இடம்.
அம்மீட்டர் முள் நடுக்கம் விட்டது,
என் சொத்தைப் பல் கூசியது,
வந்துவிட்டது என்று.

ஒரு மெமு, ஒரு கூட்ஸ்,
தாமதமாக ஓடிய ஒரு சென்னை வண்டி.
அதன்பின் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை.

மிருதுபாஷிணியே இறங்கிவந்தாள்,
குழந்தையைத் தோளில் சாய்த்து.
"முழிச்சுட்டான். இப்ப அடிங்க."

அடித்தார்.
இரண்டும் சேர்ந்துதான் வந்தன. ஆனால்
ஒரே வீட்டில் பேச்சு நின்றுபோன இரண்டு பேர்
வந்த விருந்தாளியை
ஒரே நேரத்தில் 'வாங்க' என்றது போல.
பென்சிகருக்கு அது போதும், சிரித்தார்.
அவளுக்கும் போதும்.
குழந்தை தும்மியது.
தெருமுனையில் ஒரு நாய் எழுந்து
இரண்டடி தள்ளிப் படுத்தது.

எனக்குப் போதவில்லை.
"கிரில்லை மாட்டாதீங்க" என்றேன்.

அப்போது வந்தது,
வாயில் ஒரு பொட்டு ஈரமண்ணோடு.
போன இடத்தில் வீடு இல்லை.
உயர்ந்தது, தாழ்ந்தது,
கழுவிய உலோகத்தின் உதட்டில் ஒரு சுற்று நடந்தது.
பிறகு, வேறென்ன செய்யும்,
மண்ணை அங்கேயே அப்பி முனகத் தொடங்கியது.
மண் ஒட்டும்போது குளவி முனகும்;
மெலிதாக, விடாமல்,
மயிரிழை பிசகாத ஒரே சுருதியில்.

துணியை எடுத்த பென்சிகரைக் கைகாட்டி நிறுத்தினேன்.
அதிலிருந்து காதை எடுக்காமல்
சின்ன ஸ்குரூ டிரைவரைத்
தரையில் துழாவினேன்.