லேன் ஏழு

கையால் அழுத்தும் பம்பு, ஆயிரத்து நானூறு ரூபாய்.
சம்பள முன்பணத்தில் வாங்கினேன்.
பெட்டியைப் பிரித்த சென்னப்பன்
"சைக்கிளுக்குக் காத்தடிக்கிறதா?" என்றார்.
சொன்னதும் காது சிவந்து
பெட்டியின் சீன எழுத்தையே
வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் இரவுப் பணி.
ஏழாவது லேன், கண்ணாடிக் கூண்டு.
பத்து மணிக்கு உட்கார்ந்தால்
ஒரு மணிக்குள் மார்பு கல்லாகிவிடும்.
இடைவேளைப் பதிவேட்டில்
"காரணம்" என்ற கட்டம் சின்னது.
"சொந்த வேலை" என்று எழுதுகிறேன்.

பழைய ரசீதுச் சுருள்கள் அடுக்கிய அறை,
தாழ்ப்பாள் கிடையாது.
ரிஹானா வாசலை மறித்து நின்று
யாருமில்லாத போனில் சத்தமாகச் சண்டை போடுவாள்.
உள்ளே நான்,
சீருடையின் முன்பக்கம் ரகசியமாக ஜிப் வைத்துத் தைத்திருக்கிறேன்,
கூலி எண்பது.
அழுத்தி விட, அழுத்தி விட
முதலில் ஒன்றும் வராது.
அவள் படத்தைப் பார்க்க வேண்டும்.
படமும் போதாது,
கொட்டாவி விடும் வீடியோ வேண்டும்.
அப்புறம் ஒரு சுரீர்.
சிலிகான் கிண்ணத்தின் சுவரில்
ஊசி ஊசியாய்ப் பீய்ச்சும்.

தொண்ணூறு மில்லி.
பாஸ்டேக் காட்டி நிற்காமல் போகும்
பால் டேங்கரின் அதிர்வில்
அதுவும் லேசாக ஆடும்.

பையின் மேல் மார்க்கரில் நேரம் எழுதணும்.
கைப்பழக்கம், ஒருநாள்
"லேன் 07, 01:42, ஒருவழி" என்று எழுதிவிட்டேன்.
காலையில் நாத்தனார் மாதேஸ்வரி
"ரிட்டர்ன் போடலையா அண்ணி?" என்றாள்.
பாட்டிலை நாக்கால் தள்ளுகிறவளுக்கு
பாலாடையில் சாய்த்துச் சாய்த்துப் புகட்டுவது அவள்தான்.
பாதி கழுத்து மடிப்புக்குள் போகும்,
பாதி உள்ளே.

சர்வீஸ் ரோட்டு ஜூஸ் கடை ஃப்ரீசரில்
மாம்பழக்கூழ் டப்பாக்களுக்கு நடுவே
என் ஐஸ் பொட்டலம் உறையும்.
"இன்சுலினுக்கா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
அன்றிலிருந்து
டீயில் எனக்குச் சர்க்கரை போடுவதில்லை.

போன வெள்ளி, மூன்று பத்து.
பெங்களூர்ப் பக்கமிருந்து ஒரு கார்.
டேக்கில் பணமில்லை, கேட் திறக்கவில்லை.
ஓட்டியவர் பர்ஸைத் தேட
பின்சீட்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.
என் குழந்தை இல்லை.
என் உடம்புக்கு அது தெரியவில்லை.
மார்பில் வைக்கும் பஞ்சுப் பட்டை
வீட்டுக் கொடியில் காய்கிறது.
வெளிர்நீலச் சட்டையில்
இரண்டு வட்டம் கருத்துப் பரவ
ரசீதுப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டேன்.

பின்கண்ணாடி இறங்கியது.
கலைந்த தலை, தோளில் துப்பட்டா,
அதற்குள் அழுகை இப்போது சப்பும் சத்தமாகியிருந்தது.
அவளே ரூபாயை நீட்டினாள்.
நோட்டுகளுக்கு அடியில்
ரோஸ் நிறத் தாளில் சுற்றிய இரண்டு பட்டைகள்.
"இட்கொள்ளி" என்றாள் கன்னடத்தில்,
என் முகத்தைப் பார்க்காமல்.
பின்னால் லாரிக்காரன் ஹாரனில் படுத்தான்.
கேட் தூக்கினேன்.
மீதியை எண்ணிக் கை நீட்டும்போது
சிவப்பு விளக்குகள் சேலம் பக்கம்
சின்னதாகிக்கொண்டிருந்தன.

விடியற்காலை கணக்கில்
பதினைந்து ரூபாய் அதிகம்.
பச்சமுத்து சார் இரண்டு தடவை எண்ணினார்.
"யார் விட்டுட்டுப் போனது?"
தெரியலை சார்.
உள்ளே பஞ்சு கதகதப்பாய்க் கனத்தது.

காவேரிப்பட்டணம் பஸ்ஸில்
பையை மடியில் வைத்து, சாய்ந்து,
கண் சொக்கும் நேரம்
கண்டக்டர் தட்டினார். "லக்கேஜா?"
"சாப்பாடு" என்றேன்.
யாருக்கென்று கேட்கவில்லை.
டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்,
அதில் நேரம் சரியாகத்தான் இருந்தது.