ஆறடி உயரத்தில் சுவிட்ச்

விருதம்பட்டில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை.
தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகிய மோட்டாரில்
பழைய செம்பை உருவிப் போட்டுப்
புதுக் கம்பி சுற்றுவது வேலை.
ஒவ்வொரு போரின் ஆழத்தையும்
ஷட்டரின் உள்பக்கம் சாக்பீஸில் எழுதிவைப்பேன்.
முன்னூற்று இருபது. ஐந்நூற்றுப் பத்து. எண்ணூற்று எழுபது.
பாலாறு செத்துப்போனதற்கு
என்னிடம் இருந்த கணக்கு
கலெக்டர் ஆபீசிலும் இருந்திருக்காது.

முனிரத்தினம் நம்பவில்லை.
கரையோரம் அவனுக்குப் பதினோரு சென்ட்.
மேட்டில் வீடு.
பள்ளத்தில் மூன்று சென்ட் வெறுமனே கிடந்தது,
மாடு கட்டுவான், அவ்வளவுதான்.
“அது ஆத்தோட எடம்பா. வர்ச்சொல்ல எங்க நிக்கும்?”
வெளியூர் போன மச்சானுக்குப்
பாய் எடுத்து வைத்திருப்பதுபோலச் சொல்வான்.

எனக்கு அது பொறுக்கவில்லை.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.
அவன் நம்புவதால் எனக்கு
ஒரு டீ காசு நஷ்டமில்லை.
ஆனாலும் ஒன்பது வருஷம்.
கோடு போட்ட நோட்டில்
மேலே எத்தனை தடுப்பணை, மழை எத்தனை மில்லிமீட்டர்,
எல்லாம் எழுதி எழுதிக் காட்டினேன்.
கடைசியில் ஒரு கத்திரி வெயில் மதியம்
டி.வி.எஸ்ஸில் உட்காரவைத்து
ஆற்றின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.
மணல் லாரித் தடம். சீமைக்கருவேலம்.
மூன்று குச்சி நட்டு பையன்கள் கிரிக்கெட்.
“சொல்லு, இது ஆறா, கிரவுண்டா?”
குனிந்து ஒரு பிடி மணல் எடுத்தான்.
பேட் பிடித்திருந்த பொடியன்
“ஓரமா போண்ணா, பால் வருது” என்றான்.
ஜெயித்தது அவன்தான், நானில்லை.
“சரிப்பா,” என்றான் முனிரத்தினம்,
“நீ சொல்றதுதான் நெஜம்.”

அன்று ராத்திரி காட்பாடி ரோட்டில் பரோட்டா, என் செலவு.
அவன் இரண்டோடு எழுந்துவிட்டான்.
நான் ஐந்து தின்றேன்.

ஆவணியில் பள்ளத்தில் கடக்கால் போட்டான்.
மகளுக்கு ஒரு ரூம், அட்டாச்சுடு பாத்ரூமோடு.
ஒயரிங் என்னுடையது. காசு வாங்கவில்லை.

மறு வருஷம் கார்த்திகையில்
என் ஷட்டரைப் படிக்காமலே ஆறு வந்தது.
பாலத்தின்மேல் ஊரே நின்று போனில் பிடித்தது.
கற்பூரம் ஏற்றினார்கள், பூ போட்டார்கள்.
எனக்கு மட்டும் அடிவயிறு கலங்கியது.
ஆள் சேதமில்லை.
பீரோ, பெருமுகைப் பக்கம்
முள்ளில் சிக்கிக் கிடந்ததாம்.
மேட்டு வீட்டில் வாசற்படிகூட நனையவில்லை.

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.
கடைக்கு வந்து டீ சொன்னான்.
தை பிறந்ததும் அதே பள்ளத்தில் செங்கல் இறக்கினான்.
“வந்தது வந்துட்ச்சி.
இனிமே நம்ம ஆயுசுல வராதுபா.”
வரும் முனிரத்தினம், ஒரு புயல் போதும், வரும் என்று
நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
அவன் அட்டையைப் பார்த்தான். பிரிக்கவில்லை.
“அன்னிக்கும் இதே நோட்டுலதான காட்டுன?”

கேலி இல்லை.
நிஜமாகவே கேட்டான்.

இப்போது அவன் பழைய பேச்சை நான் பேசுகிறேன்,
என்னுடையதை அவன்.
வேலூருக்குப் போகிற பஸ்ஸும் வருகிற பஸ்ஸும்
பாலத்தில் ஹாரன் அடித்துக்கொள்வதுபோல.

ஒயரிங்குக்கு என்னைத்தான் கூப்பிட்டான். போனேன்.
இடியாமல் நின்ற ஒரு துண்டுச் சுவரில் சேற்றுக் கோடு.
டேப் வைத்தேன்: ஐந்தடி நான்கு அங்குலம்.
வாயைத் திறக்கவில்லை.
சுவிட்ச் போர்டை ஆறடியில் அடித்தேன்,
பிளக் பாயின்டையும்.
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன்
அண்ணாந்து பார்த்தான்.
ஏன் என்று கேட்கவில்லை.

அஞ்சலாட்சிதான் என்னைத் திட்டுகிறாள்,
புருஷனையும் சேர்த்து.
போட ஒரு ஏற்றம், அணைக்க ஒரு ஏற்றம்,
போர்டைக் கீழே இறக்கச் சொல்லி
ரெண்டு தடவை சொல்லிவிட்டாளாம்.
அவன் சரி சரி என்று போய்
ஒரு ஸ்டூல் வாங்கி வந்தானாம்.