நாலு துளை

வெள்ளவத்தையிலிருந்து பேஸ்லைன் வீதிவரை
பூட்டிய பெட்டி மடியில் இருக்கும்.
ஓட்டோக்காரர் கேட்டால்
தையல் மெஷினின் மோட்டர் என்பேன்.
கேட்காதவருக்குப் பொய் சொல்லத் தேவையில்லை.

போன ஆனியில், ஈரமான மாடிப்படியில்,
வலது மணிக்கட்டு இரண்டாய்ப் போனது.
எலும்பு சேர்ந்தது; பொருந்தியதா என்பது வேறு கதை.
முதல் வெடிக்குக் குழல் கூரையைப் பார்க்கும்.
அதைக் கெஞ்சிக் கீழே கூட்டி வருவதற்குள்
மணிக்கூடு கத்திவிடும்.
கணக்காய்வாளர் நான்.
அரைச் செக்கனின் விலை எனக்குத் தெரியும்,
தெரியும் என்று நினைத்திருந்தேன்.

கொம்பனித்தெருவில் ஷெல்டன் கெல்லர்
நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி.
"துளை போடலாம் மிஸ். நுனியில, மேல்பக்கமா, நாலு.
வாயு மேலே பீறும். குழல் தாழும்."
பிறகு கடன் கொடுப்பவன்
சிறிய எழுத்தை வாசிப்பது மாதிரி, அவசரமாக:
சன்னத்தின் வேகம் கொஞ்சம் குறையும்,
சத்தம் கூடும்,
இருட்டில் நெருப்பு உங்கள் கண்ணுக்கு நேரே நிற்கும்.
"நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுச் சுடக்கூடாது. ஒருநாளும்.
போட்ட துளை போட்டதுதான்.
மூக்குக் குத்தினது இல்லை, தூர்ந்துபோக."

"அப்ப உதைப்பு இல்லாமல் போயிடுமா?"

"எங்க போகும்?
கொஞ்சம் இடம் மாறும்."

அமைச்சுக்கு மூன்று கடிதம். இரண்டு மாதம்.
வாசலில் காவலர் என் பெயரை
எழுத்து எழுத்தாய் இரண்டு தடவை வாசித்தார்,
பிறகு பெட்டியின் இலக்கத்தை ஒரு தடவை.

ஒரு சனிக்கிழமை, ஐந்தாம் தடம்.
குழல் இலேசாய்த் தலையசைத்து
அதே இடத்தில் வந்து குந்தியது.
இன்னொரு வெடி. இன்னொன்று.
கடதாசியில் ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு
ஒரு பட்டாணிக்குள் அடங்கின.
மணிக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை.
நான் சிரித்திருக்க வேண்டும்,
கண்ணாடிக்குள் மூச்சு படிந்தது.

ஆறாம் தடத்தில் சல்டின்,
சுங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர்,
இடது காது ஏற்கெனவே பாதி.
காதுறையைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.
இரண்டாவது மகஸினுக்குப் பிறகு
சன்னப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு
ஒன்பதாம் தடத்துக்குப் போனார்.
தேநீர் குடிக்கும்போது சொன்னார்,
கோபமில்லாமல், பிஸ்கட்டைத் தோய்த்தபடி:
"ஒவ்வொண்டுக்கும் கன்னத்தில அறை விழுது தங்கச்சி."

புரட்டாதிப் போட்டியில் விளக்கை அணைத்தார்கள்.
முதல் வெடியில் நாலு நாக்கு எழும்பிற்று.
பிறகு கண்ணுக்குள் ஒரு பச்சைக் கறை,
இரண்டாவதை அந்தக் கறைக்குத்தான் சுட்டேன்.

அதைவிடவும் ஒன்று இருந்தது.
ஷெல்டனுக்கும் தெரியாது, நானும் வாசிக்கவில்லை:
துளையிட்ட குழல் திறந்த பிரிவுக்குப் போகும்.
அங்கே பெடியள்,
சிவப்புப் புள்ளி வைத்த பார்வைக்கண்ணாடி,
இருபத்திரண்டு வயது மணிக்கட்டு.
மிச்சம் பிடித்த அரைச் செக்கனோடு போய்
கடைசிக்கு முதல் ஆளாய் வந்தேன்.
ஊரார் கணக்கில் எத்தனை பிழை கண்டுபிடித்திருப்பேன்,
அடிக்குறிப்பை வாசியுங்கள் என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஞாயிறுகளில் குசினி மேசையில்
பஞ்சுக்குச்சியால் துளைகளைக் குடைகிறேன்.
முன்குறியில் கரி. விரலால் துடைத்தால்
திங்கட்கிழமைப் பேரேட்டில் ரேகை விழுகிறது.
கடற்கரை ரயில் போகையில்
நாலு துளையும் மேசையில் மெல்ல நடுங்கும்.
பழைய குழலுக்கு இப்போது விலை விசாரிக்கிறேன்,
கை நோகும் என்று தெரிந்துகொண்டே.
விசாரித்துவிட்டு வாங்காமல் வருகிறேன்.

இந்தக் கிழமை ஐந்தாம் தடத்தில் நிற்கவில்லை.
பன்னிரண்டுக்குப் போனேன், கடைசி.
இடப்பக்கம் ஆளில்லை, வலப்பக்கம் சுவர்.
சல்டின் தூரத்தில் கையைக் காட்டினார்.
சுட்டேன்.
குழல் அசையவே இல்லை.
சுவர் திருப்பித் தந்தது.