எரித்த செம்பு

பைன் அல்ல, சவுக்கு.
பண்டாரவளையிலிருந்து கொண்டுவந்த பைன் இரண்டும்
மாங்குளத்து ஆவணி வெயிலில்
நின்ற நிலையிலேயே பழுப்பாகிப் போயின.
பிறகுதான் அளம்பில் கரையில், உப்பு மணலில்,
முழங்காலுக்குமேல் வளரப் பயந்து நின்ற
இந்த ஒன்றைக் கிண்டி எடுத்து
பெயின்ற் வாளியில் வைத்து
பஸ்ஸில், மடியில் கொண்டுவந்தேன்.
கொண்டக்டர் வாளிக்கும் ரிக்கற் கேட்டான்.

கடற்காற்று ஏற்கெனவே அதை வளைத்திருந்தது.
கிளையெல்லாம் மேற்கே ஓடும்,
பின்னாலிருந்து கூப்பிட்டும் திரும்பாத ஆள்மாதிரி.
அந்த ஓட்டத்தைக் கம்பியால் பிடித்து வைத்தது மட்டும்தான்
என் வேலை.
கம்பிக்கு எனக்குப் பஞ்சமில்லை.
கருகிய மோட்டர்களைப் பிரித்துச் சுருள் கட்டுகிறவன்.
பழைய சுற்றை நெருப்பில் போட்டு வார்னிஷ் போக்கினால்
செம்பு பிடிவாதத்தை விட்டுவிடும்,
விரலாலேயே வளைக்கலாம்.
யார் யாரோ தோட்டத்துக்கு நீர் இறைத்த கம்பி,
வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, புதிதாகச் சுற்றி,
ஒன்பது வருடம்
இல்லாத காற்றில் ஒரு மரத்தைச் சாய்த்து வைத்திருந்தது.

இங்கே அடிப்பது
ஏ9இல் போகிற பஸ்கள் கிளப்பும் காற்று.
ஒருக்கால் வடக்கே, ஒருக்கால் தெற்கே, நிறைய டீசல்.
அதனாலோ, எதனாலோ,
போன மாசியில் தண்டின் முதுகில் ஒரு முளை.
நேரே கிழக்கே.
இப்போது பென்சில் மொத்தம்.

வவுனியாவில் நேசறி வைத்திருக்கும் மரியநாயகத்துக்குப்
படம் அனுப்பினேன்.
ஒரு நிமிடத்தில் பதில்: "வெட்டு. கதை கெடுது."
பிறகு இன்னொன்று:
"இல்லாட்டி முழுசா மாத்து. பாதி வேலை செய்யாதை."

வெட்டமுன் மறைத்துப் பார்க்கவேண்டும், அது முறை.
பழைய சாரத்தில் ஒரு துண்டு கிழித்து
கிழக்குக் கிளையில் சுற்றினேன்.
மரம் மறுபடி மேற்கே ஓடியது.
அழகுதான்.
கேள்வி வரமுன்னமே பாடமான விடைபோல
ஒரு அழகு.

பம்ப் எடுக்க வந்த யோகராசா
ஹெல்மெற்றைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார்:
"என்ன தம்பி, அடிபட்டதோ?"
நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.
அவருடைய வலக்கை ஹெல்மெற் வாரைத் தேடியது,
இருக்கிற மூன்று விரலால்.
"எடுக்கவேண்டி வருமோ?"
"இன்னும் தெரியாதண்ணை."
"அவசரப்படாதை" என்றார்.
அடுத்த மூச்சில்
மோட்டர் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார்.
மிளகாய்க் கன்று வாடுதாம்.

பின்னேரம் சாகித்தியா பள்ளிக்கூடத்தால் வந்து
ஒரு ஊசியைப் பிடுங்கி
எங்கோ ஒரு கணுவில் கழற்றி, திரும்பச் செருகி,
முகத்துக்கு நேரே நீட்டினாள்:
"எதில உடைச்சனான், சொல்லுங்கோ?"
சவுக்கின் ஊசி இலையல்ல.
கணுக் கணுவாய்க் கோத்த சிறுகிளை.
எந்தக் கணுவிலும் கழரும்,
செருகினால் உடையாததுபோல நிற்கும்.
வளராது, அவ்வளவுதான்.
மூன்று தரமும் பிழையாகச் சொன்னேன்.
நான் வேணுமென்றே தோற்கிறேன் என்று அவளுக்குக் கோபம்.

கடை பூட்டியபின் துணியை அவிழ்த்தேன்.
குறட்டை எடுத்தேன்.
கம்பிகளைத்தான் வெட்டினேன்.
பட்டையில் பதிந்ததை இழுக்காமல்,
சுற்றுக்குச் சுற்று நறுக்கி.
கடைசிக் கம்பி விழுந்தபிறகும்
ஒரு கிளைகூட நிமிரவில்லை.
எல்லாம் மேற்கேதான் கிடந்தன.
இனி அது அவற்றின் பாடு.

கிழக்குக் கிளைக்கு என்ன உருவம் என்று தெரியவில்லை.
மழை பிடித்ததும் மேல்நுனியை எடுக்கவேண்டும்,
அது மட்டும் தெரிகிறது,
அதுவும் சரியோ தெரியாது.
மரியநாயகம் இதைப் பாதி வேலை என்பான்.

துண்டுகளைக் கூட்டி அள்ளி
பழஞ்செம்புப் பெட்டியில் போட்டேன்.
தராசில் வைத்தால் நூறு கிராம்கூட வராது.
லைற்றை மறுபடி போட்டேன்.
யோகராசாவின் மோட்டருக்கு இன்னும் இரண்டு சுருள் பாக்கி.