மனைவிக்கு என்று நினைத்தேன்

ரிம்விதாஸ் என்று பெயர் சொன்னார்.
காலணியிலிருந்து உதிர்ந்த பனி
வாசலில் சின்னக் குளமாயிற்று.
க்ளைபேடா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம்.
கை இரண்டும் முறம்.

முன்பே கழற்றி வைத்திருந்தேன்:
கம்பம் மூன்று துண்டு,
கூரையில் முட்டுக்கொடுக்கும் தட்டு,
உறைக்குள் இரண்டு ஆலன் சாவி.
பெரியது கம்பத்தை இறுக்க.
சிறியது சுழல்வதைப் பூட்ட;
அதை இரண்டு முறை தொலைத்தேன்,
இரண்டு முறையும் சோபாவுக்குள் இருந்தது.

பித்தளை. நாற்பத்தைந்து மில்லிமீட்டர்.
எவர்சில்வர் பார்க்க அழகு,
வியர்த்த கைக்கு அது விலாங்கு.
பித்தளை பிடித்துக்கொள்ளும்; பதிலுக்கு
நாளெல்லாம் சில்லறை எண்ணிய வாசனையை
உள்ளங்கையில் விட்டுப்போகும்.

"மனைவியிடம் சொல்லுங்கள்," என்றேன்,
"கூரையை முதலில் தட்டிப் பார்க்கட்டும்.
டொக் என்றால் கான்கிரீட். டம் என்றால்
வெறும் பலகை, மேலே காற்று;
அங்கே நிறுத்தினால் கூரையும் சேர்ந்து ஆடும்.
ரசமட்டத்தை ஒருபக்கம் வைத்து நம்பிவிட வேண்டாம்,
கால்வட்டம் நகர்ந்து மறுபடி வைக்கட்டும்.
தினமும் ஏறுமுன் ஓர் உலுக்கு.
ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு துடைப்பு.
அன்றைக்குக் கைகால்களுக்குக் கிரீம் ஆகாது,
மோதிரம் ஆகாது,
காலையில் குளித்த எண்ணெய் சோப்பும்..."

"மனைவி இல்லை," என்றார்,
தரையில் கிடந்த நடுத்துண்டைப் பார்த்தபடி.
"எனக்குத்தான்."

ஃப்ரிட்ஜ் ஒரு முறை உறுமி அடங்கியது.

உறையிலிருந்து சாவிகளை மறுபடி எடுத்தேன்.
"கோட்டைக் கழற்றுங்கள்.
பேண்ட்டைத் தொடைவரை சுருட்டுங்கள்.
துணி வழுக்கும். தோல்தான் பிடிக்கும்."

நான் தோளில் சாய்த்துத் தூக்குவதை
அவர் குடைபோல நிமிர்த்தினார்.
நாலு வருடத் தழும்பு கூரையில் வட்டமாக;
தட்டு தானாகப் போய் உட்கார்ந்தது.

குளிர்ந்த பித்தளை யாரையும் ஏற்காது.
முடி உலர்த்தியால் சூடு காட்டிக்கொண்டே சொன்னேன்:
"முதல் மாதம் கம்பம் நிற்கட்டும், நீங்கள் சுற்றுங்கள்.
பிறகு அது சுற்றட்டும், நீங்கள் நில்லுங்கள்.
தோளைக் காதிலிருந்து இறக்குங்கள்.
கையில் தொங்காதீர்கள், முதுகால் பிடியுங்கள்.
வலக்கை உச்சியில், இடக்கை மார்புக்கு நேரே.
வெளிக்கால் வட்டம் போட்டு வரட்டும்,
உள்ளே வந்ததும் இரண்டு முழங்காலும் கவ்வட்டும்.
இதற்குத் தீயணைப்பாளர் சுழல் என்று பெயர்."

"தீ எங்கே?"

"நாளைக்கு, உள்தொடையில்."

முதல் முயற்சி: மெத்தை. தொம்.
கீழ்வீட்டு யூஸே துடைப்பக் கட்டையால்
இரண்டு தட்டு தட்டினாள்.
மூன்று தட்டினால்தான் கோபம்.

இரண்டாவதில் எகிறிக் குதித்தார்.
"குதிக்கக் கூடாது. சாயுங்கள்.
கதவைத் தள்ளித் திறப்பதில்லையா, அந்த அளவுதான்."

மூன்றாவது.
நூற்றுப்பத்துக் கிலோவும் தரையை விட்டது.
ஒரு முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு;
ஜன்னலைப் பார்த்தபடி இறங்கி
அப்படியே நின்றார்,
யாரோ வெளியிலிருந்து கூப்பிட்டது போல.

"இடப்பக்கமும்," என்றேன்.
"இப்போதேவா?"
"இப்போதே. நான் பிறகு பிறகு என்று
நாலு வருடமாக வலப்பக்கம் மட்டும் தெரிந்தவள்."

இடப்பக்கம் படுமோசம். இரண்டு பேருமே சிரித்தோம்.

"ஏன் விற்கிறீர்கள்?" பணத்தை எண்ணும்போது கேட்டார்.
நூற்றிருபது யூரோ; பத்தைத் திருப்பிக் கொடுத்தேன்,
பொடி வாங்கிக்கொள்ளச் சொல்லி.
"போகிற வீட்டில்," என்றேன், "கூரை டம்."

மூன்று துண்டையும் ஒரே கக்கத்தில் இடுக்கி இறங்கினார்.
மேலே அந்த வட்டம் மட்டும்.
அதற்கு வெள்ளையடிக்க வேண்டும், முன்பணம் திரும்ப வேண்டுமானால்.

வேன் உறுமியபோதுதான் தோன்றி
சோபாவின் இடுக்கில் கைவிட்டேன்.
சிறிய சாவி.

வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினேன்.